கண் மஞ்சள், ரிப்போர்ட் நார்மல்

ராமநாதபுரம் கடலோரத்தில் இருபது வருடத்துக்கு மேல் லேபில் ரத்தம் பார்த்தவள் நான். மருந்தால் வரும் ரத்தக் கோளாறுகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்: அக்கா, என் தம்பிக்கு வைவாக்ஸ் மலேரியா. பிரைமாகுயின் ஆரம்பித்த நாலாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண்ணும் மஞ்சள். உடனே எடுத்த ஜி6பிடி டெஸ்ட் நார்மல். மாத்திரையைத் தொடரலாமா?

வேண்டாம் தம்பி. அந்த நார்மலை நம்பாதீர்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் என்சைம். அது குறைந்தவர்களுக்கு பிரைமாகுயின் பட்டால் முதலில் உடைவது வயதான சிவப்பணுக்கள். மிஞ்சுவதும் புதிதாக வருவதும் இளசுகள், அவற்றில் என்சைம் கூடுதலாக இருக்கும். புயலில் பழைய வள்ளமெல்லாம் நொறுங்கிய பிறகு, துறையில் மிஞ்சிய புது வள்ளங்களை மட்டும் பார்த்து ‘நம்ம ஊர்ல எல்லாமே உறுதி’ என்பது மாதிரிதான். ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவருடைய அணுவும் கலந்திருக்கும், குழப்பம் இன்னும் கூடும். சுமார் 3 மாதம் கழித்து மறுபடி எடுங்கள். இந்தக் குறை ஆண்களுக்குத் தாய்வழியாக வருவது. தாய்மாமன் யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு இப்படி ஆனதா என்று அம்மாவிடம் கேளுங்கள், சில சமயம் லேபைவிட அது சீக்கிரம் பதில் சொல்லும். இந்தக் குறை உள்ளவர்களுக்கு, மலேரியா திரும்பாமலிருக்க அதே பிரைமாகுயினை வாரம் ஒருமுறை என்று 8 வாரம் கொடுக்கும் முறையும் உண்டு. அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

தொண்டி: வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் மகளுக்கு தட்டணு (பிளேட்லெட்) 42,000 என்று வந்திருக்கிறது. உடம்பில் ஒரு ரத்தப்புள்ளி கூட இல்லை. மாத்திரையை நிறுத்தவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வந்துவிடும். வால்ப்ரோயேட் தட்டணுவைக் குறைப்பது உண்மைதான். ஆனால் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ, சிலர் ரத்தத்தில் தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கும். மெஷின் அந்தக் கொத்துகளைத் தட்டணுவாகவே எண்ணாது. ஸ்லைடு பார்த்தால் தெரிந்துவிடும். நானே ஒருமுறை ஸ்லைடு பார்க்காமல் ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, மறுநாள் அந்த வீட்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். நீல மூடி சிட்ரேட் குழாயில் இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். அதில் மருந்துநீர் சேர்வதால் வரும் எண்ணோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் குறைவென்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மண்டபம்: பிரஷருக்கு மெத்தில்டோபா சாப்பிடுகிறேன். கூம்ப்ஸ் பாசிட்டிவ். ரத்தம் உடைகிறதா?

அப்படி அர்த்தமில்லை. சிவப்பணுவின் மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கூம்ப்ஸ் டெஸ்ட். இந்த மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு பாசிட்டிவ் வரும், அதிலும் கொஞ்சம் பேருக்குத்தான் ரத்தம் உடையும். ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறப்பொருள்) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை: உம்மா தோல் நோய்க்கு டாப்சோன் எடுக்கிறார். வீட்டு மீட்டரில் சர்க்கரை 200-ஐத் தாண்டுகிறது, மூன்று மாதச் சராசரி மட்டும் 5.4!

மீட்டரை நம்புங்கள். மூன்று மாதச் சராசரி என்பது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சொல்வது. டாப்சோனால் சிவப்பணு சீக்கிரம் அழியும், சர்க்கரை ஒட்ட நேரமிருக்காது. இதே மாத்திரையால் உதடு நீலம் பாய்ந்து, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 85 பக்கமே நின்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏர்வாடி: தைராய்டுக்கு கார்பிமசோல். பத்து நாள் முன் ரத்த அணுக்கள் நார்மல். இன்று காய்ச்சல், தொண்டை வலி. அந்த ரிப்போர்ட் போதுமா அக்கா?

போதாது. இந்த மாத்திரையால் சிலருக்கு வெள்ளையணு சில நாளிலேயே சரிந்துவிடும். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் இப்போதே கிளம்புங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத் தனியாகக் கேளுங்கள், 500-க்குக் கீழே என்றால் அட்மிஷன்தான். ராத்திரி ஆகிவிட்டதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.