பிள்ளை, பிஞ்சு, விடலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மக்களின் இளமையைக் குறிக்கக் குழவி, மகவு என்னும் இரு சொற்களே உரியவை என்று தொல்காப்பியம் வரையறுத்திருப்பதாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். நம் குமரி மாவட்டத்திலோ குழந்தையையும் பிள்ளை என்கிறோம், தென்னையின் இளஞ்செடியையும் பிள்ளை என்கிறோம். மனைவியைப் 'பிள்ளே' என்று கூப்பிடுபவர்களும் உண்டு. இந்த வழக்கெல்லாம் பிழையா?
– வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் கேட்டது சரியே. பொருளதிகாரத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, எந்த உயிருக்கு எது பொருந்தும் என்று பிரித்துக் காட்டுகிறது. பறப்பவற்றுக்குப் பார்ப்பும் பிள்ளையும், ஆட்டுக்கு மறி, யானைக்கும் பசுவுக்கும் கன்று, நாய்க்கும் புலிக்கும் குருளை என்று போகும் அந்தப் பட்டியலில், மக்களுக்குக் குழவியும் மகவும் அன்றி வேறில்லை என்ற விதியும் இருக்கிறது. ஆனால் மரபியல் அன்றைய வழக்கைப் பதிவு செய்ததே தவிர, பின்னால் வரப்போகும் வழக்குக்குத் தடை போடவில்லை. பிள்ளை என்ற சொல் மக்கட்குழந்தைக்கு வழங்கி, பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகைக்கே பெயரான பிறகு, அதைப் பிழை என்பது வீண் பிடிவாதம்.

தென்னம்பிள்ளை விஷயத்தில் நீங்கள் தொல்காப்பியர் பக்கமே நிற்கிறீர்கள். ஓரறிவு உயிர்களான மரஞ்செடிகளுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகியவை அமையும் என்ற அவர், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை ஆகா என்று விலக்கும் வைத்தார். அந்த விலக்கு இன்றும் மீறப்படவில்லை. நாஞ்சில் நாட்டு வயலில் நெற்கன்று என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அங்கே நடுவது நாற்று. வரப்பைத் தாண்டித் தோப்புக்குள் போனால் வைப்பது தென்னம்பிள்ளை, அதனருகே ஊன்றுவது வாழைக்கன்று, யாரும் நடாமலே விளையோரத்தில் முளைத்து நிற்கும் இளம்பனை வடலி. நாகர்கோவிலில் ஒரு பகுதிக்கு வடலிவிளை என்றே பெயர்.

வழக்கு சில இடங்களில் விளையாடியும் பார்க்கிறது. பல் விழுந்த கிழக்கீரியும் கீரிப்பிள்ளைதான். கன்று என்றாலே இளமை, குட்டி என்றாலும் இளமை. இரண்டையும் சேர்த்துக் கன்றுக்குட்டி என்கிறோம். தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணியின் குழந்தைப் பாட்டிலும் கன்றுக்குட்டிதான் துள்ளிக் குதிக்கிறது. மனைவியைப் 'பிள்ளே' என்பதில் இருப்பது உரிமை. அங்கே வயதுக்கு வேலையில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி அவனுடைய பெற்றோருக்கு எழுத வேண்டியிருக்கிறது. 'முதிர்ச்சியற்றவன்' என்று எழுதுவதா, 'சிறுபிள்ளைத்தனமாக நடக்கிறான்' என்று எழுதுவதா?
– ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன். சிறுபிள்ளைத்தனம் என்பது சிறுபிள்ளைப் பருவத்தைக் கடந்துவிட்டவரைப் பார்த்துச் சொல்லும் சொல். நாற்பது வயதுக்காரர் சொத்துத் தகராறில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்குப் பொருந்தும். குழந்தைத்தனம் என்றாலோ பெரும்பாலும் வாஞ்சை வந்துவிடுகிறது. முதிர்ச்சியற்றவன் என்பது, பதினான்கு வயதில் இல்லாதிருப்பதே இயல்பான ஒன்றை அவனுடைய குற்றமாக்கிவிடுகிறது. நம்மூர்ச் சாலையோரத்தில் கருக்கு, அதாவது இளநீர், வெட்டுபவர் காயை விரலால் சுண்டிப் பார்த்து, இது வெறும் தண்ணீர், இது வழுக்கை விழுந்தது என்று பிரித்துத் தருவாரே ஒழிய, விளையாத தேங்காய் என்று எதையும் ஒதுக்குவதில்லை.

சொல்லப்போனால், வயதில் சிறியவர்களைத் தமிழர்கள் கடிந்துகொள்ளும் வசவுகளில் பல, முதிராமையைக் காட்டிலும் முந்தி முதிர்ந்ததையே குறைசொல்கின்றன. பிஞ்சிலே பழுத்தது, வெம்பியது, முளைத்து மூன்று இலை விடவில்லை அதற்குள் இவ்வளவு பேச்சா என்பவை எல்லாம் அந்த வகை. அறியாதவனுக்கோ பச்சைப்பிள்ளை, பால்மணம் மாறாதவன், விவரம் தெரியாதவன் என்று இரக்கம் கலந்த சொற்கள் இருக்கின்றன. 'சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது' என்ற பழமொழியைச் சிலர் சிறுவர்கள்மீதே ஏவுகிறார்கள். வேளாண்மையை அவன் கையில் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரையும் அது சேர்த்துத்தான் கேட்கிறது என்பது என் எண்ணம்.

ஆகவே, 'படிப்பில் கெட்டிக்காரன், விளையாட்டுத்தனம் இன்னும் மாறவில்லை' என்று எழுதுங்கள். அந்த 'இன்னும்' மாறும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்துவிடும். அவன் செய்த குறும்பு இன்னதென்று ஒரு வரி சேர்த்தால் பெற்றோருக்கு ஊகிக்க வேண்டிய தொல்லையும் இராது. அரைவேக்காடு என்ற சொல் மட்டும் அந்தக் கடிதத்தின் பக்கமே வரக்கூடாது; அது வயதைப் பற்றியதே அன்று, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் அரைகுறை அறிவைப் பற்றியது.

கேள்வி: விடலை என்பது வசவுச் சொல்லா?
– வாசகர், குளச்சல்

பதில்: பழைய இலக்கியத்தில் காளை, மீளி என்பவற்றோடு பாலை நிலத் தலைவனுக்கு வழங்கிய பெருமிதமான பெயர் அது. இன்று விடலைப் பருவம் என்று எழுதினால் பழுதில்லை. விடலைப் பயல் என்றால் ஏச்சாகிவிடும். பிள்ளையார் கோயில் வாசலில் எறிந்து உடைக்கும் விடலைத் தேங்காய்க்கும் வயதுக்கும் தொடர்பில்லை.