இருத்தல் நெருக்கடி என்றால் என்ன? உளவியல் சிகிச்சை அதில் எப்படி உதவும்?

“எதற்காக வாழ்கிறேன்?” என்ற கேள்வி விடாமல் எழுந்து, அன்றாட வேலைகளையே பொருளற்றவையாகக் காட்டும் நிலையை இருத்தல் நெருக்கடி என்கிறோம். நெருங்கியவரின் மரணம், பணி ஓய்வு, பிரிவு போன்றவை, அதுவரை நாம் ஐயமின்றிப் பற்றியிருந்த காரணங்களைக் குலைத்துவிடுவதால் இது நேர்கிறது. கடலூர் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகில் பழுதென்று பொருளில்லை. பழைய வழி அடைபட்டதால், ஆழம் பார்த்துப் புதுவழி காண வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடியும் அப்படித்தான். உளவியல் ஆலோசகர் உங்கள் அச்சத்தைப் பேசவைத்து, உங்களுக்கு உண்மையில் முக்கியமானவை எவையெனப் பிரித்தறியச் செய்து, அவற்றையொட்டிய சிறு செயல்களைத் தொடங்க உதவுவார் (வெறும் அறிவுரைக்கு உறவினர்களே போதுமே). தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டால் புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடுங்கள். சாகும் எண்ணம் வந்தால் சற்றும் தாமதிக்காமல் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ அழையுங்கள். ஆலோசனைக்குச் செல்பவர் மனநோயாளி என்று பலர் எண்ணுவது தவறு. இந்த நெருக்கடி தன்னளவில் ஒரு நோயே அல்ல.