கேளுங்க அண்ணாச்சி: நகராத சைக்கிள்

(பாளையங்கோட்டையில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி பதில் சொல்கிறார்)

அண்ணாச்சி, எங்க ஏரியா ஜிம்மில் பத்துப் பதினைஞ்சு பேர் ஒண்ணா உட்கார்ந்து, பாட்டுப் போட்டு சைக்கிள் மிதிக்காங்க. எனக்கு 48 வயசு. போக ஆசைதான். அங்கே எல்லாம் சின்னப் பிள்ளைகள். பாதியில் மூச்சு வாங்கி நின்னா மானம் போயிருமே? முட்டி வேற லேசா வலிக்கும்.
– வாசகி, பெருமாள்புரம்

தங்கச்சி, அந்த ரூமுக்குள்ள யார் முந்தினா, யார் பிந்தினான்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஹேண்டிலுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். கூட்டினால் மிதி கனக்கும், குறைத்தால் லேசாகும். 'மேடு வருது, கூட்டுங்க'ன்னு மாஸ்டர் சத்தம் போடுவார். நீங்க துளியூண்டு திருகிட்டு, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறுகிற ஆள் மாதிரி முகத்தை வச்சிக்கிட்டாப் போதும். நானும் அந்த வித்தையில் தேறினவன்தான். வீம்புக்கு மிதிக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. முதல் நாளே ஒரேயடியாக மிதித்து, தொடை வீங்கி, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிற சங்கதி அது.

முட்டிக்கு வருவோம். கால் மணி நேரம் முன்னாலேயே போய், 'நான் புதுசு, சீட்டைச் சரிபண்ணித் தாங்க'ன்னு கேளுங்க. சைக்கிள் பக்கத்தில் நின்றால் சீட் உங்க இடுப்பெலும்பு மட்டத்துக்கு வரணும். ஏறி உட்கார்ந்து ஒரு மிதியை அடிவரைக்கும் கொண்டுபோனால், அந்த முட்டி விறைக்காமல் லேசா மடங்கியிருக்கணும். சீட் தணிஞ்சிருந்தால் முட்டியின் முன்பக்கம் வலி எடுக்கும். ரொம்ப உசந்திருந்தால் இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும். ஓட்டத்தில் மாதிரி தரையில் மோதுகிற அடி இதில் இல்லாததால், மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கே டாக்டர்கள் சைக்கிளைச் சொல்வதுண்டு. வீக்கம் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்க.

இன்னொண்ணு. நம்ம ரோட்டு சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். இந்த வகுப்பு சைக்கிள்கள் பலவற்றில் அப்படி இல்லை. கனத்த சக்கரம் சுத்துகிற வரைக்கும் மிதியும் சுத்தி, காலை இழுத்துக்கிட்டே போகும். சட்டுனு காலை எடுத்துராதீங்க. பெரும்பாலான சைக்கிளில் அதே திருகைக் கீழே அமுக்கினால் பிரேக். ஏறின உடனே ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கோங்க. துப்பட்டா, அகலக் கால் பேன்ட் ரெண்டும் வேண்டாம். ஷூ லேஸை உள்ளே செருகிருங்க.

பின்பக்கம் வலிக்கும், அதை மறைப்பானேன். சில வகுப்பில் பழகிரும். எல்லாரும் எழுந்து நின்று மிதிக்கும்போது நீங்க உட்கார்ந்தே மிதிங்க. 45 நிமிஷ வகுப்பில் 20 நிமிஷத்திலேயே இறங்கினாலும் தப்பில்லை. ஆனால் இறங்குமுன் கனத்தைக் குறைத்து ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா மிதிச்சிருங்க. இல்லைன்னா தலை கிறுகிறுக்கும்.

ரோடு இருக்கும்போது காசு கொடுத்து, நகராத சைக்கிளை மிதிக்கணுமா?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

ரத வீதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மிதிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம். இந்த வகுப்பே ரோட்டுக்குப் பயந்து பிறந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பர்க், 1980-களில் அமெரிக்காவில் நெடுந்தூரப் பந்தயத்துக்காக ராத்திரியில் பயிற்சி எடுத்தார். ஒருநாள் கார் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பியவர், வீட்டுக்குள்ளேயே மிதிக்க ஒரு சைக்கிளைத் தயார் பண்ணினார். அதுதான் 'ஸ்பின்னிங்' ஆச்சு. விடிகாலையில் கொக்கிரகுளம் பக்கம் ஆத்துக் காத்து வாங்கிக்கிட்டே மிதிக்க முடிகிறவர் தாராளமா அங்கேயே மிதிக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் என்னை அங்கே கூப்பிடாதீங்க.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். நான் சேரலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

சேரலாம், டாக்டரிடம் கேட்டுட்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை ரொம்பத் தணிஞ்சிரும். வெறும் வயித்தோட போகாதீங்க. வழக்கமா வியர்வையை வச்சு உஷாராவோம். இந்த வகுப்பில்தான் எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டுமே! அதனால் கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது இதில் எது வந்தாலும் நிறுத்திட்டு குளுக்கோஸைக் கரைத்துக் குடிங்க. பையில் அல்வா வச்சிருக்கேனேன்னு எழுதிராதீங்க. நெய் கலந்த இனிப்பு ரத்தத்தில் சேர நேரமாகும். கையும் பிசுபிசுத்து ஹேண்டில் வழுக்கும்.