மருத்துவர் பதில்கள்: ஜெயில் வாசலைத் தாண்டிய முதல் இரண்டு வாரம்

போன மாதம் ஒரு பதிலின் நடுவே, மத்திய சிறை மருத்துவமனை ஒன்றில் 14 வருஷம் மருத்துவராக இருந்தவன் நான் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை; சிலவற்றில் ஊர்கூட இல்லை. வீட்டில் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு, அவர் உடம்பைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தவிக்கிறவர்கள். இந்த வாரப் பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். அது சம்பந்தமான வழக்கில் 11 மாதமாக உள்ளே இருக்கிறான். மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறான், சதை போட்டிருக்கிறான். “எல்லாம் விட்டாச்சும்மா” என்கிறான். அடுத்த மாதம் ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். வந்ததும் கால்கட்டு போட்டுவிட்டால் சரியாகிவிடுவான் என்கிறார் என் அண்ணன். செய்யலாமா ஐயா? (பெயர் வேண்டாம், வடசென்னை)

பதில்: அம்மா, கல்யாணப் பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்கவேண்டாம். உங்கள் மகன் வாசலைத் தாண்டி வரும் நாளிலிருந்து பதினாலு நாளை நாம் எப்படிக் கடக்கப் போகிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். 1999 ஜூலையிலிருந்து 2003 டிசம்பர் வரை அந்த மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரின் பெயர்களை எடுத்து, நாட்டின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 443 பேர் இறந்திருந்தார்கள். எந்த நாளில் இறந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்களுக்குச் சாவு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைப்போல 12.7 மடங்கு. போதை மருந்து அளவு மீறிச் சாகும் வாய்ப்பை மட்டும் எடுத்தால் 129 மடங்கு. 2007ல் இது வெளியானபோது நான் பணியில் இருந்தேன். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. நாங்கள் ரிலீஸ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிய முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

காரணம் எளிமையானது. தினமும் போதை ஏற்றிக்கொண்டிருந்த உடம்பு அதற்குப் பழகி, அதிகமானாலும் தாங்கிக்கொள்ளும். பதினொரு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் மனசு பழைய அளவை ஞாபகம் வைத்திருக்கும். வெளியே வந்த அன்றைக்கோ மறுநாளோ, ஒரே ஒரு தடவை என்று பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கிவிடும். அவன் சதை போட்டிருப்பது உங்களுக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அவன் பழைய அளவில் ஏற்றிக்கொண்டால் தாங்க, அவன் உடம்பு இப்போது புது ஆளின் உடம்பு மாதிரி. “விட்டாச்சு” என்று அவன் சொல்வது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. உள்ளே கிடைக்கவில்லை, விட்டுவிட்டான். கிடைக்கும் இடத்துக்குத் திரும்பி வரும்போதுதான் வைத்தியம் தேவைப்படுகிறது.

வைத்தியம் இருக்கிறது. அதே அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்கிற சின்ன மாநிலம் 2016ல் ஒரு காரியம் செய்தது. போதை ஏக்கத்தைக் கட்டுப்படுத்தும் பியூப்ரெனார்ஃபின், மெதடோன் மாதிரியான மருந்துகளை ஜெயிலுக்குள்ளேயே கொடுத்து, வெளியே வந்ததும் அதே மருந்து தடையில்லாமல் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். 2016ன் முதல் ஆறு மாதத்தில் அங்கே போதை அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். மறு வருஷம் அதே ஆறு மாதத்தில் 9 பேர். பியூப்ரெனார்ஃபின் நம் நாட்டிலும் கொடுக்கிற மருந்துதான்.

அதனால் அவன் வருவதற்கு முன்னாடியே, ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்கள் மட்டும் போய் விவரம் சொல்லிவிட்டு வாருங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 14446க்கு போன் செய்யுங்கள், போதை மீட்புக்கான இலவச எண். விடுதலை நாளில் கேட்டுக்கு நீங்களோ உங்கள் அண்ணனோ கட்டாயம் போய் நில்லுங்கள். நீங்கள் இல்லையென்றால் பழைய கூட்டாளிகள் பைக்கோடு நிற்பார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபின் அவனை வேவு பார்க்கவேண்டாம், திட்டவேண்டாம். “உனக்கு மறுபடி ஆசை வந்தால் என்கிட்ட சொல்லு, கதவைத் தாழ்போட்டுக்கொள்ளாதே” என்று மட்டும் நேராகச் சொல்லிவிடுங்கள். வெட்கத்தில் பாத்ரூமுக்குள் தாழ்போட்டுக்கொள்கிறவன்தான் யாருக்கும் தெரியாமல் செத்துப்போகிறான். தட்டி எழுப்பினாலும் எழுந்திருக்காமல், குறட்டை மாதிரி இழுத்து இழுத்து மூச்சுவிட்டால், உதடு நீலம் பாரித்தால், 108ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன ஏற்றிக்கொண்டான் என்பதை ஆம்புலன்ஸில் வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு ஜெயிலில் டி.பி. என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவந்தார்கள். இரண்டு மாதம் ஆன நிலையில் ஜாமீனில் வந்துவிட்டான். கையில் ஒரு சீட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை. வந்து ஒன்பது நாள் ஆகிறது. இருமல் நின்றுவிட்டதால் இனிமேல் வேண்டாம் என்கிறான். எனக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. (ஒரு சகோதரி, விழுப்புரம்)

பதில்: சகோதரி, இதைப் படித்தவுடன், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள். ஜெயிலில் டி.பி.க்கு மாத்திரை ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். சீட்டு இல்லையே என்று தயங்கவேண்டாம். மாத்திரை ஆரம்பித்திருந்தால் அவன் பெயர் நிக்ஷய் என்கிற கணினிப் பதிவில் ஏறியிருக்கவேண்டும், பெயரையும் போன் நம்பரையும் வைத்துத் தேடலாம். அங்கே வழி கிடைக்கவில்லை என்றால் 1800 11 6666 என்ற எண்ணில் கேளுங்கள். விட்டுப்போன நாட்களை எப்படி ஈடுகட்டுவது என்பதை அங்குள்ள மருத்துவர் சளியைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வார். சாதாரண டி.பி.க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, பசி எடுத்து, ஆள் தேறிவிடுவான். பலர் மாத்திரையை விடுவது அந்த நேரத்தில்தான். மிச்சமிருக்கிற கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். குழந்தையையும் கூடவே கூட்டிப்போய்க் காட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்கவும் மாத்திரை உண்டு. சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்கில் வரும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை இல்லாமல் அவன் எப்படி வந்தான் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஜாமீன் ஆர்டர் பெரும்பாலும் சாயங்காலம்தான் வந்து சேரும். அந்த நேரத்தில் டாக்டர் கிளம்பியிருப்பார், மருந்தாளுநர் பூட்டியிருப்பார். பெயரைக் கூப்பிட்டதும் ஆள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். அந்த நிமிஷத்தில் யாருக்கு மாத்திரை ஞாபகம் வரும்? நான் இருந்த இடத்தில், அப்படி ஒருவர் போன மறுநாள் காலை டி.பி. மாத்திரைப் பெட்டிகளைத் திறந்தேன். ஒரு பெட்டியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது, பாதி அட்டை மாத்திரை அப்படியே இருந்தது, ஆள் இல்லை. பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் ஒரு மார்க்கெட்டின் பெயர் மட்டும் இருந்தது. மூட்டை தூக்குகிறவர், அங்கேதான் படுத்திருப்பார். ஒரு கடிதம் எழுதிப்போட்டேன், அதோடு விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து இன்னொரு வழக்கில் அவரே வந்தார். பாயிலிருந்து எழுந்து உட்காரவே மூச்சு வாங்கியது. பழைய மாத்திரைக்கு அந்தக் கிருமி கட்டுப்படவில்லை. அதற்கப்புறம், டி.பி., சுகர், வலிப்பு, மனநோய் என்று மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வார மாத்திரையும் சீட்டும் ஒரு கவரில் போட்டு மெயின் கேட்டிலேயே வைத்துவிட ஏற்பாடு செய்தோம். கேட்டில் நிற்கும் வார்டர்தான் அதை எடுத்துக் கொடுப்பார். முதல் வருஷமே அதைச் செய்திருக்கவேண்டும்.

கேள்வி: ஒழுங்காக வரி கட்டுகிறவன் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறான். தப்பு செய்துவிட்டு உள்ளே போனவனுக்கு எதற்கு அரசுச் செலவில் இத்தனை வைத்தியம்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் கோபம் வரிசையைப் பற்றியது என்றால் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் தப்பு செய்தவன் என்று யார் முடிவுசெய்தது? 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மேல் எந்த நீதிபதியும் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதவில்லை. 100 பேருக்கான இடத்தில் 131 பேர் என்ற கணக்கில் படுத்திருக்கிறார்கள்.

அப்புறம், நோய்க்கு மதில் சுவர் தெரியாது. 1750ல் லண்டனில், நியூகேட் ஜெயிலிலிருந்து கைதிகளை ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் உடம்பிலும் துணியிலும் இருந்த பேன் வழியாக ஜெயில் காய்ச்சல் நீதிமன்றத்துக்குள் பரவியது. லண்டன் மேயர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் என்று வரிசையாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நியூகேட்டுக்குள் காற்று போக ஏற்பாடு செய்தார்கள். நம் ஊரிலும் கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், யாரையெல்லாம் ஜாமீனிலும் பரோலிலும் அனுப்பலாம் என்று முடிவுசெய்ய மாநிலத்துக்கு ஒரு குழு அமைக்கச் சொன்னது. வார்டர் தினமும் வீட்டுக்குப் போகிறார். மனு பார்க்க வரும் பெண் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறார்.

உள்ளே கிடைக்கிற வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நான் சீட்டு எழுதிவிடுவேன். ஆனால் வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்காமல் தேதி தள்ளிப்போகும். வயிற்றில் கட்டி இருந்த ஒருவரை ஸ்கேனுக்கு அனுப்ப மூன்று தடவை சீட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் நிற்கிற வரிசைக்கு வந்து சேரவே அவர் அத்தனை நாள் காத்திருந்தார்.

கேள்வி: சமூக மருத்துவம் முதுகலை படிக்கிறேன். சிறைவாசிகளின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்ய ஆசை. “அனுமதி கிடைக்காது, வேறு தலைப்பு எடு” என்கிறார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி? (ஒரு மாணவர், மதுரை)

பதில்: தம்பி, கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் என்றொரு ஜெயில். 1951 முதல் 1974 வரை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் அங்கே கைதிகளின் முதுகில் கட்டம் கட்டமாக ரசாயனங்களைத் தடவிச் சோதித்தார். டயாக்சின் என்ற கடும் விஷம்கூட அதில் உண்டு. ஜெயிலில் வேறு சம்பாத்தியத்துக்கு வழியில்லாதவர்கள், கிடைத்த சில டாலருக்காக முதுகைக் காட்டினார்கள். இதெல்லாம் வெளியே வந்தபிறகு 1978ல் அமெரிக்கா கைதிகள் மேல் ஆய்வு செய்யத் தனி விதிகள் போட்டது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையும் கைதிகளைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களாகத்தான் சொல்கிறது.

அதற்காக யாருமே எண்ணிப் பார்க்காமல் விட்டால், இருக்கிற நோய் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். பெங்களூரு மத்திய சிறையில், அந்த ஊரின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 5,024 பேரைப் பார்த்து 2011ல் அறிக்கை கொடுத்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதையைக் கழித்துவிட்டால்கூட 27.6 சதவீதம் பேருக்கு மனநோய். அப்படி எண்ணிக் காட்டினால்தான் சிறைக்கு மனநல மருத்துவர் வேண்டும் என்று வாதாட முடியும்.

அதனால் தலைப்பை மாற்றாதே. கல்லூரி நெறிமுறைக் குழு, சிறைத்துறைத் தலைமையகம் இரண்டிலும் அனுமதி வாங்கு, மாதக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள். பேசும்போது வார்டர் காதுக்கு எட்டாத இடத்தில் உட்கார். என்ன வழக்கு என்று கேட்காதே. பதில் சொன்னால் பரோலுக்கு உதவும் என்று அவர்களில் சிலர் நினைப்பார்கள், இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. முடிந்தால் விடுதலைக்குப் பிறகு ஆறு மாதம் வரை அவர்களைப் பின்தொடர்ந்து பார். 2022ல் இந்தியச் சிறைகளில் 1,995 பேர் இறந்தார்கள் என்று அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. வாசலைத் தாண்டி மூன்றாம் நாள் இறந்தவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். இந்த வேலையை நீ எடுத்துக்கொண்டால், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித்தரத் தயார். ஆசிரியர் குழு வழியாக எழுது.

கேள்வி: வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் என் கணவரை நாலு நாள் முன்னே ரிமாண்ட் செய்துவிட்டார்கள். மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? (ஒரு வாசகி, பரமக்குடி)

பதில்: அம்மா, இதழ் வரும்வரை தாமதிக்கக்கூடாது என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன். வெளி மாத்திரையை நேராக உள்ளே விடமாட்டார்கள். டாக்டர் சீட்டின் நகலையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், சிறை மருத்துவரிடம் சேர்க்கவேண்டும் என்று மனு அறையில் சொல்லுங்கள். வக்கீலிடமும் ஒரு நகல் கொடுத்து, ரிமாண்ட் நீட்டிப்பின்போது மாஜிஸ்திரேட்டிடம் சொல்லச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாக எந்தத் தேதியில் வலிப்பு வந்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்பதையும் அந்த நகலின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.