குறைந்த விலையில், துல்லியமாகச் சுடும் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் எது? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கேட்டிருப்பவர் திருமங்கலத்துக்காரர். கல்லூரி என்.சி.சி.யில் சுட்டுப் பழகியவர், இப்போது 50 மீட்டர் பிரிவில் இறங்க நினைக்கிறார், ஜெர்மன் போட்டி ரைபிளான ஆன்ஷூட்ஸின் விலையை விசாரித்துத் தலை சுற்றிப் போயிருக்கிறார். என் பதில் இதுதான்: பேரல் (குழல்) கெடாத பழைய ப்ருனோ மாடல் 2 ரைபிள் எங்காவது கிடைத்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

ஏன் பழசு என்று கேட்பீர்கள். சாதாரண லைசென்ஸ்காரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. தேசிய அளவில் ஸ்கோர் காட்டியவர்களுக்கு மட்டும் ரைபிள் சங்கத்தின் வழியாகக் கதவு திறக்கும். அதனால் இணையத்தில் அமெரிக்கக்காரர்கள் சாவேஜ் மார்க் II, சி.இசட். 457 ரைபிள்களைப் புகழ்ந்து எழுதுவதைப் படித்துவிட்டு மதுரை டீலரிடம் போய் நின்றால் அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இங்கே கைமாறிக்கொண்டிருப்பது அந்தக் காலத்திலேயே வந்திறங்கிய சரக்குதான். இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 ஸ்போர்ட்டிங் ரைபிள் உண்டு. ஆனால் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், அது டார்கெட் ரைபிள் இல்லை.

என் ப்ருனோ கொடைக்கானல் மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்றில் இருந்தது. பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம் என்றாகி, டீலர் மூலமாக என்னிடம் வந்தது. செக்கோஸ்லோவாக்கியா தயாரிப்பு. பின்னால் வந்த சி.இசட். 452, 455, 457 எல்லாம் இந்த வம்சத்தில் வந்தவைதான். எடை மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். போல்ட்டை, அதாவது தோட்டாவை ஏற்றி இறக்கும் தாழ்ப்பாளை, பின்னால் இழுத்தால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். 457-ல் போல்ட்டைத் தூக்கும் கோணத்தை 60 டிகிரியாகக் குறைத்திருக்கிறார்கள், ட்ரிகரையும் நாமே சரிசெய்யலாம். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் சாவேஜ்தான் வைத்திருக்கிறான். அதன் ட்ரிகர் லேசாக, சுத்தமாக விடும். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறாமை உண்டு, மறைப்பானேன். என் துப்பாக்கியின் ட்ரிகர் கனம். தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் ஸ்பிரிங்கைப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

துல்லியம் என்றால் எவ்வளவு? 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையம் 10.4 மி.மீ. குறுக்களவு. தோட்டா 5.6 மி.மீ. கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், ஓட்டைகளின் மையங்கள் 16 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் எல்லாமே பத்துதான். நல்ல தோட்டா போட்டால் என் ப்ருனோ மேசைமேல் வைத்துச் சுடும்போது ஐந்து குண்டுக்கு 20 மி.மீ. பக்கம் தருகிறது. மாவட்ட அளவுக்கு இது தாராளம். ஒன்பது விழுந்தால் பெரும்பாலும் என் மூச்சுதான் காரணம், துப்பாக்கி இல்லை. அதே ரைபிளில் மலிவான ஹை வெலாசிட்டி தோட்டாவைப் போட்டால் 50 மி.மீ.க்குச் சிதறும்.

அந்தச் சிதறலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா. இதில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் பூசியிருக்கும், அதனால் பெரிய ரைபிள்காரர்கள் மாதிரி காலி கேஸை எடுத்து நாமே மருந்து நிரப்பிக்கொள்ள வழியில்லை. கம்பெனி என்ன தருகிறதோ அதுதான். மேட்ச் தோட்டாக்கள் நொடிக்கு 330 மீட்டர் பக்கம் போகும், அதாவது ஒலியை விடக் குறைவு. ஹை வெலாசிட்டி ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியிலேயே வேகம் இறங்கி, அந்த இடத்தில் தடுமாறுகிறது. வேகமான தோட்டாவைக் காற்று குறைவாகத்தானே தள்ளும் என்று தோன்றும். .22-ல் நேர்மாறு, வேகமானதைத்தான் அதிகம் தள்ளும்.

காற்று என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. காற்று அடித்தால் 50 மீட்டரில் மேட்ச் தோட்டா சுமார் 3 செ.மீ. நகரும். பத்தைக் குறிபார்த்தது ஏழில் போய் உட்காரும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், 2.6 கிராம் ஈயம் என்ன பாடுபடும்? அதனால் ஆனி, ஆடி மாதங்களில் ரைபிளைச் சோதிக்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சித்திரை வெயிலுக்கு வேறு கணக்கு. மூடிய காரில் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் மேலே பூசிய மெழுகு இளகி விரலில் பிசுபிசுக்கும், குண்டும் உயரம் மாறி விழும். எங்கள் கிளப்பில் ஓர் அண்ணன் தோட்டாவை டிபன் பையில் தயிர் சாதத்தோடு வைத்துக்கொண்டு வருவார். சிரிக்காதீர்கள், ஸ்கோர் அவருடையதுதான் அதிகம்.

ஈலி (Eley), எஸ்.கே., லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று எந்தக் கம்பெனித் தோட்டா கிடைத்தாலும் முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பிடித்துவிட்டால் பெட்டியில் இருக்கும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் முடிந்த மட்டும் வாங்கிவிடுங்கள். பெயர் ஒன்றே ஆனாலும் லாட் மாறினால் குரூப், அதாவது ஓட்டைகள் விழும் கூட்டம், மாறும். மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் 3 பொசிஷன் பிரிவில் ஸ்கோருக்கே 60 குண்டு, அதற்கு முன் சரிபார்ப்புக் குண்டுகள் வேறு. ஐம்பது உள்ள பெட்டி ஒரு போட்டிக்கே பத்தாது. செலவு துப்பாக்கியில் இல்லை, இங்கேதான்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. போல்ட்டைக் கழற்றி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சம் பட வைத்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். பேரலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளங்கள் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். நடுவில் கறுப்பாக வட்டம் தெரிந்தால் துருப்பிடித்த இடம், வேண்டாம். அடுத்து பேரலின் வாய். பழைய ஆட்கள் இரும்புக் கம்பியை முன்பக்கமாகவே விட்டுத் துடைப்பார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வட்டம் கோணலாகியிருக்கும். அந்தத் துப்பாக்கியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மூன்றாவது, சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், பின்விளிம்பு. தோட்டா இல்லாமல் ட்ரிகரைத் தட்டித் தட்டி ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி) அங்கே பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தோளில் வைக்கும் மரக்கட்டை கீறியிருந்தால் பரவாயில்லை, விலை பேச உதவும். மேகசின் ஒரிஜினலா என்றும் கேளுங்கள், தனியாகத் தேடினால் லேசில் சிக்காது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ப்ருனோவின் கட்டை வேட்டைக்குச் செய்தது. கன்னம் வைக்கும் இடம் தாழ்வு, உயரம் மாற்ற வழி கிடையாது. பன்னாட்டு விதிப்படி 50 மீட்டரில் டெலஸ்கோப் கூடாது, சின்ன ஓட்டை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்தான், அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். படுத்துச் சுடும்போது ஸ்லிங் (கையில் மாட்டும் வார்) போட்டுச் சமாளித்துவிடலாம், நின்று சுடும்போது திண்டாட்டம். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 3 பொசிஷனில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எல்லோருக்கும் அந்தப் பிரிவுதான் வேண்டும். உங்களுக்கும் அதுதான் ஆசை என்றால் ப்ருனோவை வாங்காமல் ஒரு வருடம் கிளப் ரைபிளில் பழகி, யாராவது விற்கும் பழைய ஆன்ஷூட்ஸ் 1903-க்குக் காத்திருங்கள். படுத்துச் சுடுவது போதும் என்றால் காத்திருக்க வேண்டாம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்காரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, வீட்டில் ஏற்கெனவே தாத்தா பெயரில் இருந்தது உங்கள் பெயருக்கு வந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரைபிள் சங்க உறுப்பினராகப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு விலக்கு உண்டு, அதற்கான காகிதங்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள். விலக்குக் கிடைக்காமல் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றால், முதல் நாள் இரவே பேரலுக்குள் எண்ணெய்த் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். ரசீதில் போல்ட்டும் மேகசினும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.