முழங்கால் வலியோடு கமினோ நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. முழங்கால் வலி உண்டு. ஸ்பெயினின் கமினோ யாத்திரைப் பாதையில் நடக்க ஆசை. முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: மருத்துவர் சரி என்றால் தாராளமாக நடக்கலாம் அம்மா. பிரான்ஸ் எல்லையிலிருந்து வரும் முழு நீளப் பாதை வேண்டாம். சாரியா ஊரில் தொடங்கினால், பாதை முடியும் சந்தியாகோ பேராலயத்துக்குச் சுமார் 115 கி.மீ. கடைசி 100 கி.மீ. நடந்தாலே சான்றிதழ் தருகிறார்கள், யாத்திரிகர் அட்டையில் வழிநெடுக முத்திரை வாங்கியிருந்தால் போதும். பலர் ஐந்தாறு நாளில் முடிப்பதை நீங்கள் பத்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடையிடையே ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். பையைச் சுமக்கவும் வேண்டாம், காசு கொடுத்தால் அடுத்த விடுதிக்கு வண்டியில் போய்விடும். நானும் அப்படித்தான் நடந்தேன். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் படுத்தும். வழியில் போர்த்தோமரின் ஊருக்கு இறங்கும் சரிவில் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் அவசியம். அப்புறம், இந்தப் பாதை போகும் கலீசியா பகுதியில் மழை அடிக்கடி வரும். மழைக்கோட்டை மட்டும் வண்டியில் அனுப்பிவிடாதீர்கள்.