பூ எழுதிய வீடுகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: போலந்தில் ஒரு கிராமத்தில் சுவர், கிணறு, நாய்க்கூண்டு என்று எதையும் விடாமல் பூ வரைந்திருக்கிறார்களாமே? அது எந்த ஊர்? எப்படித் தொடங்கியது?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ஊரின் பெயர் ஸாலிப்பியே. போலந்தின் தெற்கே, தார்னூவ் நகரத்துக்கு வடக்கில் ஏறத்தாழ 30 கி.மீ. தூரத்தில், விஸ்துலா ஆற்றை ஒட்டிய சமவெளியில் இருக்கிறது. 1772 முதல் 1918 வரை அந்தப் பக்கமெல்லாம் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. 1848 வரை குடியானவர்கள் பண்ணை அடிமைகள். அவர்களுடைய மரவீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை வீட்டுக்குள் சுற்றி, கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுவர் கரியேறிக் கறுத்துப்போகும். பண்டிகை வந்தால் பெண்கள் அந்தக் கரிமேல் சுண்ணாம்பைத் திட்டுத் திட்டாக ஒற்றி வைப்பார்கள். முதல் அலங்காரம் அதுதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. சுவர் வெள்ளையடித்தால் வெள்ளையாகவே நின்றது. திட்டுகள் பூக்களாக மாறியது அதன் பிறகுதான். கரியை மறைக்கப் பூ வரைந்தார்கள் என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதுவது பாதி உண்மை. கரி போன பிறகுதான் பூவே செழித்தது. ஆரம்பத்தில் சுண்ணாம்பு, களிமண், புகைக்கரி இவைதான் வண்ணம். மாட்டு மயிரைக் கட்டியும் குச்சி நுனியை நசுக்கியும் தூரிகை செய்துகொண்டார்கள். கடையில் வண்ணத்தூள் கிடைக்கத் தொடங்கியதும் அதைப் பாலில் குழைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைப் பெயின்ட்தான்.

ஊருக்கு வெளியே பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஃபெலிட்சியா சுரிவோவா (1904-1974). தன் வீட்டில் ஒரு மூலை விடாமல் வரைந்தவர். அவர் மறைவுக்குப் பிறகு அந்த வீடு தார்னூவ் அருங்காட்சியகத்தின் கிளையாகிவிட்டது. இன்னொரு காரணம் போட்டி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1948இல், நல்ல வீட்டுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். போர் தின்ற ஊரில் இது இல்லாவிட்டால் வழக்கம் அற்றுப்போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

கேள்வி: மகன் போலந்தின் கிராகூ நகரத்தில் படிக்கிறான். அங்கிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா? எந்த மாதம் நல்லது?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: திரும்பலாம். கிராகூவிலிருந்து தார்னூவுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சிக்கல் அதற்குப் பிறகுதான். தார்னூவிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்துகள் குறைவு. சனி, ஞாயிறில் இன்னும் குறைவு. திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் ஏற வேண்டாம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கார் எடுத்தால் நிம்மதி. வரைந்த வீடுகள் ஒரே தெருவில் வரிசையாக இல்லை, வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. எல்லா வீட்டிலும் பூ இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். சுரிவோவா வீடு, ஓவியப் பெண்களின் பொதுமன்றம், உட்புறம் பூ வரைந்த புனித சூசையப்பர் கோயில், தீயணைப்பு நிலையம் இந்த நான்கையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் வேலிக்குள் நுழையக்கூடாது.

போட்டி, கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பெருவிழாவை ஒட்டி நடக்கும். அது ஈஸ்டரிலிருந்து 60ஆம் நாள், எப்போதும் வியாழன். மே கடைசியிலோ ஜூனிலோ வரும். அதற்காகப் பூவைப் புதுப்பித்திருப்பார்கள் என்பதால் அந்த வாரமும் அடுத்த வாரங்களும்தான் சரியான பருவம். அந்த வியாழன் அரசு விடுமுறை, கடையும் வண்டியும் குறையும். வெள்ளிக்குப் பிறகு போவது மேல்.

கேள்வி: எங்கள் பழைய வீடு மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அதில் இதுபோல வரைய ஆசை. கடைப் பெயின்ட் வேண்டாம். முறை சொல்லுங்கள்.
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: முதலில் சுவரைப் பாருங்கள். எமல்ஷனோ டிஸ்டெம்பரோ ஒருமுறை அடித்திருந்தாலும் சுண்ணாம்பு பிடிக்காது, செதில் செதிலாக உதிரும். சுரண்டி எடுத்தாக வேண்டும்.

வெள்ளைக்கு: சுட்ட கல்சுண்ணாம்பு ஒரு கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர். கொதித்துப் பொங்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி ஆகாது. இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றி, கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி கட்டாயம். குறைந்தது ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். சுவரை நனைத்து, பால் பதத்தில் மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஒரே கையில் கெட்டியாக அடித்தால் வெடிக்கும்.

பூவுக்கு: ஆடை நீக்கிய பால் ஒரு லிட்டர், நீற்றிய சுண்ணாம்புத் தூள் 30 கிராம். பாலின் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீருக்கு எளிதில் கரையாத பசையாகும். கொழுப்பு இருந்தால் பிடிப்புக் குறையும், அதனால்தான் ஆடை நீக்கிய பால். இதில் வண்ணத்தூளைக் குழைத்து அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் நாறும். செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி மூன்றும் சுண்ணாம்பைத் தாங்கும். மஞ்சள்பொடி வேண்டாம், ஆரத்தித் தட்டில் நடப்பதே சுவரிலும் நடந்து சிவக்கும், பிறகு வெயிலில் வெளுக்கும். சொட்டு நீலமும் நிற்காது. நீலம் வேண்டுமென்றால் அல்ட்ராமரைன் தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஊரில் மழையும் மூடுபனியும்தான் எதிரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக நாள்கள் பிடிக்கும். அதற்குள் மழை அடித்தால் கரைந்து ஓடும். ஜனவரி இறுதியிலிருந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். தாழ்வாரத்துக்குக் கீழுள்ள சுவரில் மட்டும் வரைந்தால் வருடம் தாங்கும்.

கேள்வி: சேலத்தில் மேக்னசைட் வெள்ளைக்கல் தூள் மலிவு. சுண்ணாம்புக்குப் பதில் அதை அடிக்கலாமா?
- வாசகர், ஓமலூர்

பதில்: கூடாது. நிறம்தான் ஒன்று. சுடாத மேக்னசைட் தண்ணீரில் இறுகாது. காய்ந்ததும் தொட்டால் கையோடு வரும். சுண்ணாம்பில் கொஞ்சம் நிரப்பியாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.